இடது பெடல்

செண்பகம் மேடத்திடம் சீடராகச் சேர்ந்தபோது இருதயராஜுக்கு வயது ஐம்பத்தெட்டு. மேடத்துக்கு முப்பத்து நான்கு. தெற்கே, உப்புக்காற்று அடிக்கும் ஓர் ஊரில், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சிறிய பள்ளி அது. விமானங்களைப் பழுதுபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் மேடம்.

இருதயராஜ் முப்பது வருஷம் கார் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். பிரேக் என்றால் ஊரில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவரும் அதைத்தான் சொல்வார்.

ஒரு நாள் காலை, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தின் இடது பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. எண்ணெய்க் குழாயில் ஏர் புகுந்திருந்தது. நாலு மணிக்கு ஷமீலா என்ற மாணவி அதில் முதன்முறையாகத் தனியே பறக்க வேண்டும். தரையிறங்கி ஓடும்போது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால், விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் போய்விடும்.

"ஏர் எடுக்கணும், அவ்வளவுதானே? இதுக்குப் போய் நீங்க எதுக்கு மேடம்?" என்றார் இருதயராஜ்.

"சரி அண்ணாச்சி. பாருங்க."

காருக்குச் செய்வது போலவே செய்தார். ஷமீலாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, சக்கரத்தின் அருகில் குந்தி, மேலிருந்து இறங்கும் எண்ணெயோடு ஏரும் வெளியேற நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்தார்.

"மிதிங்க. அப்படியே பிடிங்க. ம், விடுங்க."

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். "முடிஞ்சது மேடம். கல்லு மாதிரி நிக்குது."

மேடம் வந்து ஏறி, பெடலில் காலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

"இல்லையே அண்ணாச்சி."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி, "முடிஞ்சது." மறுபடி இறங்கியது. ஒன்றரைக்கும் அதே கதைதான். இருதயராஜ் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் போட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். என் வார்த்தையை நம்பி எப்பதான் கையெழுத்துப் போடுவீங்க?"

மேடம் கண்ணாடி போல உள்ளே தெரியும் ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, நேராகத் தூக்கிப் பிடித்து, கீழ்வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். அதில் சிவப்பு எண்ணெய் நிறைந்திருந்தது. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது.

"மேல இருந்து ஊத்துங்க அண்ணாச்சி."

அவர் ஊற்றினார். மேடம் விரலைக் கொஞ்சம் விலக்கி மூடினார். எண்ணெய் சொட்டியது, குமிழி ஒரு சாண் கீழே வந்தது. விரல் மூடியதும் சாவகாசமாகப் பழைய இடத்துக்கே ஏறிப் போய்விட்டது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

காலையிலிருந்து யாருடன் மல்லுக்கட்டினோம் என்று இருதயராஜுக்குத் தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது.

"அது எங்க போகப் பாக்குது?" என்று கேட்டார் மேடம்.

"மேல."

"நீங்க எங்க தள்ளுனீங்க?"

இருதயராஜ் கையால் அழுத்தும் எண்ணெய்க் கேனைத் தேடி எடுத்துக்கொண்டு சக்கரத்தடிக்குப் போனார். கேனின் குழாயை நிப்பிளில் மாட்டி, கீழிருந்து மேலாக எண்ணெயை ஏற்றினார். பெடலுக்கு மேலே எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஷமீலா கத்தினாள்.

"வருது அங்கிள்! குமிழ் குமிழா வருது!"

கொஞ்ச நேரத்தில் குமிழி வருவது நின்றது. மணி மூன்று. மேடம் மேஜையிலிருந்தே கேட்டார்.

"முடிஞ்சதா அண்ணாச்சி?"

இருதயராஜ் விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து, இடது பெடலில் காலை அழுத்தியிருந்தார். வெளியே அந்தப் பெண் வெள்ளைச் சட்டையை நீவி விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும். முப்பது வருஷத்தில் முதன்முறையாக ஒரு பிரேக்கைக் கண்டு அவருக்குப் பயம் வந்தது.

"தெரியல மேடம். காலை எடுக்காம கொஞ்ச நேரம் பாக்கேன்."

இருபது நிமிஷம் அப்படியே இருந்தார். வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று. கால் இறங்கவில்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

"நிக்குது மேடம்" என்றார், தணிந்த குரலில்.

மேடம் வந்து சக்கரத்தடியில் டார்ச் அடித்து, நிப்பிளைச் சுற்றி விரலால் தடவினார். ஈரமில்லை. நோட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஷமீலா விமானத்தை நோக்கி நடந்தாள். இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், பெடலை நீங்க மிதிச்சே பாக்கலையே!"

மேடம் பேனாவை மூடினார்.

"நீங்கதான் 'தெரியல'ன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."