கேட்கப் போன ராணி

முன்பொரு காலத்தில் சீன தேசத்தில், ஆற்றோரமாக லூவென் என்று ஒரு சிறு நாடு இருந்தது. ராஜா இறந்துபோனார்; பிள்ளையோ இன்னும் பால்குடி மறக்கவில்லை. அதனால் தாய் ஷூயிங்தான் அவன் பெயரில் ஆண்டாள்.

கன்பூசியஸ் வழியில் வந்த ஆசான்கள் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெள்ளக் காலத்தில் ஆற்றின் தென்கரையை வெட்டினால் தலைநகரம் பிழைக்கும், நகரத்துக்கு நெல் விளைத்துக் கொடுக்கும் தாழ்வயல் என்ற ஊர் மூழ்கும். ஆகவே பட்டத்துக்கு வருகிறவர் அந்தக் கரைச் சேற்றில் வெறுங்காலோடு நின்று, "உங்களைக் கேட்காமல் வெட்ட மாட்டேன்" என்று ஊராருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷூயிங்கும் கொடுத்திருந்தாள்.

அறுப்புக்கு நாள் பார்க்கிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. நகரத்தைச் சுற்றித் தண்ணீர். கிழக்கு மதில் கரையத் தொடங்கியது. அந்த மதிலை ஒட்டித்தான் அரண்மனை.

"வெட்டிவிடலாம், தாயே. கேட்க நேரமில்லை," என்றார் அமைச்சர் காவ் ஜென்.

"கேட்காமல் எப்படி? வாக்குக் கொடுத்திருக்கிறேனே."

"வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

பிள்ளைக்குக் காய்ச்சல், மழையில் எடுத்துப் போக முடியாது. ஷூயிங் குனிந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அரச முத்திரையைக் கண்ணால் காணாமல் கரைக்காவலர்கள் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். இடுப்பிலிருந்து அதை அவிழ்த்து அமைச்சர் கையில் வைத்தாள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகேறினாள்.

தாழ்வயலார் ஊர் மேட்டில் கூடினார்கள். ஜோ என்று ஒரு வாயாடி முன்னால் வந்தாள்.

"ஆள்றவங்க எங்களுக்குத் தாய் மாதிரின்னு உங்க ஆசானுங்கதானே சொல்றாங்க? அங்கே ஒரு பிள்ளை, இங்கே இத்தனை பிள்ளைங்க. யாருக்கு முதல்ல பால், மகாராணி?"

ஷூயிங் சேற்றில் மண்டியிட்டாள். "என் பிள்ளை அந்த மதிலோரம்தான் படுத்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நகரத்து ஜனங்களுக்கும் அதே பயம்தான். ஆனாலும் நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்."

ஜோ மூக்கைச் சிந்தினாள்.

"சரி, எழுந்திரும்மா. ராணியா இருந்தும் வந்து கேட்டியே, அது போதும். நெல்லு போனா மறுபடி விளையும். மாடுகளை மேட்டுக்கு ஓட்டிடறோம், அப்புறம் வெட்டச் சொல்லு."

ஆண்கள் தொழுவத்துக்கு இறங்கப் போனார்கள். அதற்குள் ஆற்றங்கரைப் பக்கம் ஓர் இரைச்சல். கரை வெட்டப்பட்டுவிட்டது. கட்டுத்தறியில் நின்ற மாடுகள் கத்திக்கொண்டே முழுகின.

கிழக்கு மதில் அப்போது பாதி சரிந்திருந்தது. இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் நகரம் இருந்திருக்காது. பிள்ளையும் பிழைத்தான்.

"நாங்க கொடுத்தோம். நீங்க பிடுங்கிக்கிட்டீங்க," என்றாள் ஜோ. "அப்போ நீ எதுக்கு வந்தே? எங்களைப் பேச்சுல பிடிச்சு வைக்கவா?"

தண்ணீர் வடிந்ததும் தாழ்வயலார் ஒரு குடும்பம் மிச்சமில்லாமல் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டார்கள். நகரம் நின்றது, அதற்குச் சோறு போட ஆளில்லை.

வாக்குக்காக நேரத்தைக் கரைத்தாள் ராணி. உயிருக்காக வாக்கை உடைத்தார் அமைச்சர். மனதாரச் சம்மதித்த பிறகும் நாட்டை விட்டுப் போனார்கள் ஊரார். நீங்களே சொல்லுங்கள், இதில் தவறியவர் யார்?

விடை: ஊரார் அல்ல, கேட்டால் கொடுக்கிறவர்கள் என்று காட்டிவிட்டுத்தான் போனார்கள். காவ் ஜென் கண்ணெதிரே கண்ட ஆபத்துக்குக் கையில் இருந்த முத்திரையைக் காட்டிக் கரையை வெட்டவைத்தார். அது அவர் கைக்கு எப்படி வந்தது? உண்மையாகவே கேட்கப் போகிறவள் முத்திரையைக் கூடவே கொண்டுபோயிருப்பாள். ஊர் மறுத்தாலும் நகரம் பிழைக்கட்டும் என்ற பயம்தான் அதை அவிழ்த்துக் கொடுத்தது. அந்தப் பயத்தை எந்தத் தாயும் குறை சொல்ல மாட்டாள். ஆனால், "வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்று அவள் மண்டியிட்டுச் சொன்னது பொய். அமைச்சரைத் தண்டிக்க வேண்டும் என்று சபை கூடியபோது ஷூயிங் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் வாய்விட்டுச் சொல்லாததைத்தான் அவர் செய்தார்," என்றாள்.