துணி அரண்மனையும் சுருங்கிய யானையும்

டம், டம், டம் என்று முரசு அதிர்ந்தது. முன்னொரு காலத்தில், மன்னர் விசயதரருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் முதலில் முழங்குவது அந்த முரசுதான். அடுத்து யார் தலையிலாவது இடி விழும். இம்முறை விழுந்தது சாயக்காரத் தெருவின் தலையில்.

அந்தத் தெருவை இடித்துவிட்டுப் புது அரண்மனை! தலைமை ஸ்தபதி அனந்தபத்மர் தாம் வரைந்த படத்தைச் சபையில் விரித்தார். வானளாவிய வாசல், அதற்குள் யானைமேல் மன்னர் நுழைகிறார். சபையே வாய்பிளந்தது.

விகடகவி சடையாண்டி முன்னே வந்தான். அவன் பிறந்து வளர்ந்த தெரு அது. படத்தை உற்றுப் பார்த்தான்.

"இந்த அரண்மனை வேண்டாம், மன்னா. இது படத்தில்தான் பெரிது."

"பொறாமை!" என்று சீறினார் அனந்தபத்மர். "அப்படியானால் நாளை மாலைக்குள் இவரே தங்களை இந்த அரண்மனைக்குள் அழைத்துப் போகட்டும், மன்னா! முடியாவிட்டால் தெருவோடு இவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "கேட்டாயா சடையாண்டி? ஒரு செங்கல் வைக்குமுன் நான் உள்ளே நுழைந்தாக வேண்டும்."

"நுழையலாம், மன்னா. ஸ்தபதியார் அளவை மட்டும் சொல்லட்டும். தாங்கள் படத்தில் உள்ளபடி யானைமேலேயே வாருங்கள்."

மறுநாள் மாலை ஆற்றங்கரைத் திடலில் ஓர் அரண்மனை நின்றது. சாயக்காரர்கள் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஸ்தபதி சொன்ன அளவில் ஒரு விரற்கடைகூட மாறாமல், சாயம் சொட்டும் துணிகளையே சுவராகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

யானை வந்தது. தலை நுழைந்தது. அம்பாரி சிக்கியது. யானை ஒரு தள்ளுத் தள்ள, வாசல் மூங்கில் மடாரென்று முறிந்து, சிவப்புத் துணி மன்னரைக் கிரீடத்தோடு மூடிக்கொண்டது.

"அடேய் சடையாண்டி! என்னடா வாசல் இது?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஸ்தபதியாரின் எட்டு முழ வாசல்தான், மன்னா. வாசலில் பிழையில்லை, யானைதான் தவறு. படத்து யானை, தாங்கள் மேலே உட்கார்ந்தும் வாசலின் பாதி உயரத்தைத் தாண்டவில்லை. அப்படியென்றால் அது கன்றுக்குட்டி உயரம்தான். அந்த யானையைப் பிடித்து வரச் சொல்லுங்கள். பிறகு எங்கள் தெருவை இடியுங்கள். அதுவரை ஒரு கூரை ஓட்டைத் தொட்டாலும் நான் குறுக்கே படுப்பேன்!"

மன்னர் துணியை விலக்கினார், முகமெல்லாம் சிவப்பு. படத்தை வாங்கிப் பார்த்தார். தம் யானையைப் பார்த்தார். அம்பாரி குலுங்கச் சிரித்தார்.

"பிழைத்தது உன் தெரு!" என்று முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியிடம் வீசினார். பிறகு திரும்பினார். "ஸ்தபதியாரே, என் பட்டத்து யானையை ஏன் இப்படிச் சுருக்கினீர்?"

அனந்தபத்மர் கைகூப்பினார். "அரண்மனை பெரிதாகத் தெரிய வேண்டுமே, மன்னா... அதற்காக, தங்களையும் சேர்த்துத்தான் சுருக்கினேன்."