யாரு பேருக்கு அர்ச்சனை?

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு பவளக்கொடி. ‘ம்’ கொட்டு கண்ணு. ஆங்... அவளுக்குப் பேச்சு திக்கும். அதுவும் ‘ப’ன்னு ஆரம்பிச்சா, வார்த்தை தொண்டையிலயே உக்காந்துக்கும். அதனால கடையில பால் கேக்க நினைச்சு மோர் வாங்கிட்டு வருவா. பருப்புக்குப் பதிலா கொள்ளு வாங்குவா. மாத்த முடியாதது அவ பேரும், அவ ஆட்டு பேரும்தான். ஆடு பேரு பொட்டு. சாயங்காலம் வாசல்ல நின்னு “ப்... ப்... ப்...”ன்னு ஆரம்பிப்பா. பேரு முடியறதுக்குள்ள அது தடதடன்னு வந்து நிக்கும்.

அப்புறம் ஒருநாள், சினையா இருந்த அந்தப் பொட்டு காணாமப் போச்சு. தெருவுல கூப்பிட்டா பசங்க “ப்... ப்...”ன்னு கூடவே கத்துவாங்களே! அதனால வாயை மூடிக்கிட்டே தேடுனா.

“ம்...”

அப்புறம் வெள்ளிக்கிழமை, ஆடு கிடைக்கணும்னு அர்ச்சனை பண்ண அம்மன் கோயிலுக்குப் போனா. “பேரு சொல்லு தாயி”ன்னார் பூசாரி.

“ப்... ப்...”

பின்னாடி வரிசையில, “ஏம்மா, சீக்கிரம்!”

“பத்மாவா?”ன்னார் பூசாரி. இவ தலையாட்டிட்டா. டாண் டாண்! அன்னிக்கு ஆடு யார் வீட்டு வாசல்ல நின்னுச்சு? பத்மா வீட்டுல! இவ ஓடிப் போறதுக்குள்ள காணோம்.

அடுத்த வெள்ளி, “பரமேஸ்வரியா?” அதுக்கும் தலையாட்டிட்டா. ஆடு பரமேஸ்வரி வீட்டுக் கீரையை மேஞ்சுட்டு மறைஞ்சுபோச்சு. “உன் ஆட்டுக்கு என் பாத்திதான் கிடைச்சுதா?”ன்னு அவ சண்டைக்கு வந்துட்டா.

பவளக்கொடிக்குத் தலை சுத்துச்சு. ஆத்தா குழம்பிட்டாளா, நான்தான் ஆத்தாளைக் குழப்பிட்டேனா?

மூணாவது வெள்ளி. “பாக்கியமா?” தலையாட்டலை. “பழனியம்மாளா?” ம்ஹூம்.

“நடை சாத்துறதுக்குள்ள சொல்லிருவியா?”ன்னு ஒருத்தன் சிரிச்சான்.

அவ கண்ணை மூடிக்கிட்டா. “ப்... ப்... ப்...”

அப்போ கோயில் பின்னாடி, வாடுன மாலையைத் தின்னுக்கிட்டிருந்த ஏதோ ஒண்ணு “மே...!”ன்னுச்சு. தடதடதட! வரிசை சிதறிடுச்சு. பொட்டு வந்து அவ முந்தானையைக் கடிச்சு இழுக்குது. அப்பவும் அவ விடலை. “ப்... பவளக்கொடி!”ன்னு சொல்லி முடிச்சிட்டுதான் ஆட்டைக் கட்டிப்பிடிச்சா.

“அத்தே... ஆத்தாவுக்குக் கேட்டுச்சா, ஆட்டுக்குக் கேட்டுச்சா?”

எனக்கும் புரியலைடா கண்ணு. பவளக்கொடிக்கும் புரியலை. பூசாரியும் ஒருமாதிரி முழிச்சுட்டு, “சரி தாயி, ஆட்டுக்கும் ஒரு அர்ச்சனை போட்டுருவோம். அது பேரு என்ன?”ன்னார்.

“ப்... ப்...”

இந்தத் தடவை யாரும் பேரு எடுத்துக் குடுக்கலை. வரிசையே அவ சொல்லி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னுச்சு.

ஆடு வீட்டுக்கு வந்தாச்சு, ஆத்தா நடையும் சாத்தியாச்சு, உன் கண்ணையும் சாத்திக்கோ.