நண்டு ரொட்டியின் பெரிய கொடுக்கு

நண்டும் மனிதரும் வாய்நிறையத் திட்டிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமாயிருந்த அந்தக் காலத்தில், நண்டுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவுதான். இரண்டாலும் திருடும்.

கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊரில் சலேத்து என்றொரு பெண் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவில் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைவாள். ஒரு சேற்று நண்டு மெல்ல வந்து மாவைக் கிள்ளிக்கொண்டு ஓடும். அவள் அகப்பையோடு துரத்துவாள். வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது.

அந்த வருஷம் அவள் துரத்தவில்லை. விடியுமுன் கடலுக்குப் போன அவள் புருஷன் தொம்மை இன்னும் திரும்பவில்லை. மதியம் பிடித்த மழை விடவேயில்லை. பொழுது சாயுமுன்பே கடல் இருட்டிவிட்டது. கழிமுக வாயில் முழுக்கப் பாறை. குருட்டாம்போக்கில் வந்தால் படகு சுக்குநூறாகிவிடும். தீ மூட்டி வழிகாட்டலாமென்றால் ஊர் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. சலேத்தின் ரொட்டிச் சட்டிக்கு மேலும் கீழும் போட்டிருந்த தேங்காய்ச் சிரட்டைத் தணல்தான் ஊரில் மிச்சமிருந்த நெருப்பு.

ரொட்டி வேகாமல் போனால் போகட்டுமென்று மேல்தணலை ஒரு சட்டியில் அள்ளி மூடிக்கொண்டு கரைக்கு ஓடினாள். ஆனால் கடைசிப் பாறையில் நின்று காட்டினால்தான் வெளிச்சம் கடலுக்குத் தெரியும். அங்கே மனிதர் நிற்க அலை விடாது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். பின்னாலேயே வந்த நண்டு பக்கத்தில் நின்றது.

"ஒரு தணல் குடுக்கா."

"சுட்டுரும்டா."

"தெரியும். உன் அடுப்புல சுட்டுக்காத நாளா? குடு."

ஒரு கொடுக்கில் தணலைப் பிடித்தது. மறு கொடுக்கில் ஒரு சிப்பியை எடுத்து மழைக்குக் குடை பிடித்தது. எட்டுக் காலாலும் பாறையைக் கவ்விக்கொண்டு ஏறி, தணலை உயர்த்தி ஆட்டியது. கொடுக்கு வெந்தது. வலி தாங்காமல் அழுதது. ஆனாலும் விடவில்லை.

இருட்டில் ஒரு சிவப்புப் பொறி அசைவதைத் தொம்மை கண்டான். அதற்கு ஒதுங்கிப் படகைத் திருப்பி, பாறைக்குத் தப்பிக் கரையேறினான். சலேத்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம், தாமதமாக வந்ததற்குத் திட்டினாள்.

நண்டின் வெந்த கொடுக்கு அதன் உடம்பளவு வீங்கிச் சிவந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவியும் வற்றவில்லை. அடுப்பில் மிச்சமிருந்த தணலை ஊதி எழுப்பினார்கள். அதுவரை மாவைத் தொட்டே பார்க்காத தொம்மை, மீதி மாவில் தன் கையால் ஒரு நண்டு உருவம் பிடித்துச் சட்டியில் வைத்தான்: ஒரு கொடுக்கு பெரிசு, ஒரு கொடுக்கு சிறிசு. வெந்ததும் முதல் துண்டு நண்டுக்குப் போனது. பெரிய கொடுக்கால் எடுக்க முடியாமல், சின்னதால் கிள்ளிக் கிள்ளித் தின்றது.

"எப்படிடா இருக்கு?" என்றாள் சலேத்து.

"திருடித் தின்னா இன்னும் ருசியா இருக்கும்க்கா."

அன்று முதல்தான் சேற்று நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிசு. நீர் வற்றியதும் கரையில் நின்று அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டுகிறது. அந்தக் கரை வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு நண்டு ரொட்டி சுடுகிறவர்கள், வர வேண்டிய கடைசி ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் வரை பெரிய கொடுக்கைப் பிய்ப்பதில்லை.