பலாப்பாலும் தேவாங்கின் கண்ணாடியும்

அந்தக் காலத்தில் மரம் மட்டை எல்லாம் பேசும். தேவாங்கு கண்ணாடி போட்டிருக்கும். சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

சிறுமலையில் கொம்பையன் என்று ஒரு தேவாங்கு இருந்தான். எதிர்க் கிளையில் தொங்குவது பழமா பாம்பா என்றுகூட அவனுக்குத் தெரியாது. பளிங்குக் கல்லைத் தேய்த்து, கொடியை வளைத்து விளிம்பு கட்டி மாட்டிய பிறகுதான் உலகம் தெரிந்தது.

அவனுக்கும் மேட்டுக்காட்டு மூக்கையன் மகள் பூவாயிக்கும் கல்யாணம் கூடியது. இருவரும் ஆசைப்பட்ட சம்பந்தம். ஆனால் தேவாங்குக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. தாலி கட்டும் முன் பெண்ணை அக்கா தங்கைகளோடு வரிசையாகத் தலைகுனிந்து உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளை தன் பெண்ணைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். ஆள் மாறித் தொட்டானோ, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஒரு பலா மரம். வாசனை மூக்கைத் துளைத்தது.

"வேண்டாம் மாப்பிள்ளை, பந்தியில் பார்த்துக்கலாம்," என்றது தோழனாக வந்த அணில்.

"ஒரே ஒரு சுளை, மச்சான்."

ஒரு சுளை ஒரு பழமானது. கை முழுக்கப் பால். அந்தக் கையோடு, மூக்கில் நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டான் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி! வில்லை இரண்டும் மங்கிப்போயின. கழற்றப் பார்த்தான், விளிம்பு முகத்தோடு ஒட்டிக்கொண்டது. ஓடைத் தண்ணீரை வாரி அடித்தான். பால் திரிதிரியாகத் திரண்டு இன்னும் பரவியது. இலையைப் பறித்துத் துடைத்தான். கண்ணுக்கு ஓர் இலையாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அணில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது. கல்யாண வீடே கொல்லென்று சிரித்தது.

"ஏடி, மாப்பிள்ளை கண்ணிலேயே இலை போட்டுட்டு வந்திருக்காரு! பந்தி அங்கேயா?"

மூக்கையன் சிரிக்கவில்லை. "முறைன்னா முறைதான். பொண்ணைத் தொடுங்க, மாப்பிள்ளை."

கொம்பையன் வரிசைக்கு முன்னால் நின்றான். இலை மறைத்ததில் எதிரே எல்லாம் ஒரே இருட்டு. கையை நீட்டுவான், இழுத்துக்கொள்வான்.

மேளம் அடித்த மரங்கொத்தி தாளத்தைத் தவறவிட்டது. "ஏலேய், ஒழுங்கா அடிடா!" என்று மூக்கையன் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் வெதுவெதுப்பான விரல் ஒன்று கொம்பையன் கண்ணாடியில் வழவழவென்று ஓடியது. குத்துவிளக்கின் இலுப்பை எண்ணெய் வாசனை. இலை விழுந்தது. தண்ணீருக்கு மசியாத பால், எண்ணெய்க்கு ஏடு ஏடாகக் கழன்றது.

பார்த்தான். குனிந்த தலைகள் எல்லாம் ஒரே அச்சு. ஒருத்தி விரலில் மட்டும் விளக்கின் எண்ணெயும் திரிக்கரியும் மினுங்கின. தொட்டான்.

"பார்த்துத்தான் தொட்டீங்களா?" மூக்கையனுக்குச் சந்தேகம்.

"பார்த்துத்தான் மாமா. இவ்வளவு தெளிவா நான் எதையும் பார்த்ததில்லை."

குலவைச் சத்தத்தோடு தாலி ஏறியது. பந்தியிலும் பலாச்சுளைதான். இந்தத் தடவை கொம்பையன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொட்டான்.

ஆனால் கண்ணாடி விளிம்பு மட்டும் பாலும் கரியும் ஏறிக் கண்ணைச் சுற்றிக் கருவளையமாய்த் தோலோடு தோலாகிவிட்டது. அதையும் கழற்றிவிடலாமென்று எண்ணெயை எடுத்தவன் கையைப் பூவாயி பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டுமே. உங்க அண்ணன் தம்பியோட வரிசையா உட்கார்ந்தா, நான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டாமா?"

அன்று முதல்தான் பலாவில் கைவைக்கும் முன் எல்லோரும் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். தேவாங்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை.