முகமூடி என்று சொல்லிக்கொண்ட புழு

எலுமிச்சை மரத்தில் ஒரு புழு இருந்தது. பார்ப்பதற்கு அச்சு அசலாகக் காக்கை எச்சம்தான். கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, இலைமேல் விழுந்து கிடப்பது போலவே இருக்கும்.

அந்த மரத்தில் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு நாளெல்லாம் புழு தேடி அலைந்தது. இந்த இலைக்கும் வரும். பார்க்கும். முகத்தைச் சுளிக்கும். பறந்துவிடும்.

உயிர் தப்பியது புழுவுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சுளிப்புதான் உறுத்தியது. இன்னும் ஒரு தோல் உரித்தால் பச்சை நிறம் வந்துவிடும், அதுவரை தின்பதற்கு மட்டும் வாயைத் திற என்று பக்கத்து இலையிலிருந்த அக்காப் புழு எத்தனையோ சொல்லிப் பார்த்தது.

ஒருநாள் அணில் ஒன்று மரத்துக்கு வந்தது. அது பள்ளிக்கூடக் கூரையில் குடியிருப்பது. ஓட்டுச் சந்து வழியாகப் பாடம் கேட்டுக் கேட்டு அதற்குக் கொஞ்சம் படிப்பு ஏறியிருந்தது. கேட்காதவர்களுக்கும் சொல்லும் வியாதி கூடவே ஏறியிருந்தது.

"உன் மாதிரிப் புழுவுக்கு இங்கிலீஷில் லார்வா என்று பேர்," என்றது அணில்.

"அப்படியென்றால்?"

"பழைய ரோமாபுரி பாஷையில் பேய் என்று அர்த்தம். முகமூடி என்றும் அர்த்தம். நிஜப் பூச்சி உள்ளே ஒளிந்திருக்கிறது, வெளியே தெரிவது வெறும் முகமூடி என்று ஒரு பெரிய படிப்பாளி வைத்த பேர்."

புழு மெல்லுவதை நிறுத்தியது. அப்படியானால் தான் எச்சமில்லை. உள்ளே இருப்பது யாரோ ஒரு ராஜா! அன்று முழுக்க அது தின்னவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் பேரின் அர்த்தத்தைச் சொன்னது. நத்தை மட்டும் நின்று கேட்டது. வழியை மறித்திருக்கும் ராஜா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், தன் வழியே போய்விடுவதாகச் சொன்னது.

மாலையில் தையல்சிட்டு வந்தது. வழக்கம்போல் முகம் சுளித்தது.

"தம்பி, அசையாதே. அது போய்விடும்," என்று அக்கா முணுமுணுத்தது.

புழு தலையைத் தூக்கியது. "ஏய் குருவி, யாரைப் பார்த்துச் சுளிக்கிறாய்? நான் எச்சமில்லை. இது முகமூடி."

சிட்டு திரும்பிப் பார்த்தது. எச்சம் பேசி அது கேட்டதே இல்லை.

"அப்படிங்களா? உள்ளே யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டது.

"நிஜப் பூச்சி."

"நல்லவேளை சொன்னீங்க. கூட்டில் குஞ்சுகள் பசியோடு கத்துகின்றன," என்று சொல்லி, ஒரே கொத்தாகக் கொத்திக்கொண்டு போனது.

அக்கா இலையோடு இலையாக ஒட்டிக் கிடந்தது. அந்தப் பேரின் கதையில் இன்னும் பாதி பாக்கி இருந்ததே என்று அணில் வருத்தப்பட்டது.

தன்னைக் காப்பாற்றும் தோலைப் பார்த்து வெட்கப்படுகிறவன், யாரோ வைத்த பேரின் பெருமையில் உயிரையே விடுவான்.