சாடிக்கு விழுந்த சொட்டை

ராஜா ஒருவர் ஆண்ட காலம். ராஜாவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை, விட்டுவிடுவோம். சாத்தப்பன் என்று ஒரு குயவன் இருந்தான். அவனைப் பற்றித்தான் பேச்சு.

சாத்தப்பன் மெருகுச் சாடி செய்கிறவன். சாடியை ஒரு தரம் சுடுவான். ஆறியதும் மெருகுக் குழம்பில் முக்குவான். மறுபடி சுடுவான். கண்ணாடி மாதிரி வரும். உள்ளே ஊற்றியது சொட்டுக்கூடக் கசியாது.

ஒரு மழைக்காலம் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. அவன் மனைவி பொன்னுருவி பிழைக்கமாட்டாள் என்றார்கள். வைத்தியர் மருதவாணர் பிழைக்க வைத்தார்.

"அடுத்த மழைக்கும் இது வரும்ப்பா. மருந்து ஒரு மாசம் ஊறணும். நாப்பது சாடி செஞ்சு குடு, அது போதும்" என்றார்.

சாத்தப்பனுக்கு நன்றி தாங்கவில்லை. முதல் சூடு முடிந்த ஒவ்வொரு சாடியையும் வைத்தியர் பேரைச் சொல்லி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் மெருகில் முக்கினான். அதற்கு முன் அவன் அப்படிச் செய்ததில்லை. கவனியுங்கள், இரண்டு தரம் சொல்லமாட்டேன்.

சூளையைப் பிரித்தான். சாடிக்குச் சாடி சொட்டை. மெருகு ஒதுங்கி மண் தெரிந்தது. தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்தில் கசிந்தது.

மண்ணைக் குறை சொன்னான். வேறு மண் எடுத்தான். இன்னும் பக்தியாக ஒற்றினான். மறுபடி சொட்டை.

விறகைக் குறை சொன்னான். வேறு விறகு வெட்டினான். இன்னும் அழுத்தி ஒற்றினான். சொட்டை பெரிதானதுதான் மிச்சம்.

கண்ணேறு என்றான். பூசணிக்காய் உடைத்தான். மருந்து ஊறும் மாசம் போக, மழைக்கு முன் இன்னும் ஒரே சூளைக்குத்தான் நாள் இருந்தது. அதுவும் பிசகினால் ஊருக்கு மருந்து இல்லை.

முதல் சாடியை நெற்றியில் ஒற்றி எடுத்தான். வெள்ளாவிப் பானை கேட்டு, துணி வெளுக்கும் ஒச்சாயி வந்து நின்றாள்.

"என்னண்ணே, சாடியைக் கொஞ்சுறியா?"

"நன்றிம்மா. உனக்குப் புரியாது."

"நன்றி புரியலை. எண்ணெய் புரியுது. தலையில இருந்து நெத்திக்கு வழியுதே. உன் துண்டை வெளுக்கிறவ நான். எண்ணெய்ப் பிசுக்குல தண்ணியே ஒட்டாது. உன் மெருகு மட்டும் ஒட்டிருமாக்கும்."

சாத்தப்பன் சாடியைப் பார்த்தான். ஒற்றிய இடம் மினுமினுத்தது.

"அப்ப கும்பிடறது குத்தமா?"

"யார் சொன்னா? ஒழுங்கான சாடியைக் குடுத்துட்டுக் கும்பிடு."

அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் போய்ச் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகினான். ஒற்றிய சாடியை ஒதுக்கி, உபரியாகச் சுட்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டான். மற்றதைத் தூசி போகத் துடைத்துக் காயவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு மெருகில் முக்கினான். நெற்றிப் பக்கம் கொண்டுபோகவில்லை. கோயில் வாசல்வரை போய்க் கும்பிடாமல் திரும்பியது போல இருந்தது அவனுக்கு.

நாற்பதும் முழுசாக வந்தன. மருந்து ஊறியது. மழை வந்தது, காய்ச்சலும் வந்தது. ஒச்சாயியும் படுத்தாள். சாத்தப்பனே மருந்து கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்தவள் அவனைப் பார்த்துக் கையெடுத்தாள். அவன் ஏற்கெனவே கும்பிட்டபடி நின்றான்.

அந்த வருஷம் ஊரில் ஒரு பாடைகூடக் கட்டவில்லை.

ஒருவருக்கு நன்றி செலுத்த நினைத்தால், அவருக்குச் செய்யும் வேலையைப் பழுதில்லாமல் செய்ய வேண்டும்.